டேங்க் என்னும் சொல்லும் பெங்களூருவின் நீரும்

இந்த ஆண்டின் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் எளிய ஆங்கிலச் சொல்: டேங்க். இன்று பெங்களூருவில் இந்தச் சொல்லைக் கேட்பவருக்கு மொட்டைமாடியில் நிற்கும் கறுப்புத் தொட்டியோ குடியரசு நாள் அணிவகுப்பில் உருளும் போர் ஊர்தியோதான் நினைவுக்கு வரும். நூறு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் இந்தச் சொல்லுக்கு முதற்பொருள் ஏரி என்பதுதான். சம்பங்கி டேங்க், தர்மாம்புதி டேங்க், அல்சூர் டேங்க் என்றே ஆவணங்கள் எழுதின, வரைபடங்கள் குறித்தன. பிறகு அந்தப் பொருள் மெல்ல உதிர்ந்து, அந்த இடத்தில் லேக் என்ற சொல் அமர்ந்துகொண்டது. டேங்க் என்று சொன்னபோது ஆங்கிலம் ஒரு கட்டுமானத்தையும் அதைச் சுற்றிய ஏற்பாட்டையும் சேர்த்துச் சொன்னது. லேக் என்று சொல்லும்போது நீர்ப்பரப்பை மட்டும் சொல்கிறது. இந்த நகரம் தன் ஏரிகளில் எதைப் பழுதுபார்க்கிறது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்பதில் இந்த வேறுபாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதே நான் இங்கே நிறுவ முயலும் கருத்து.

சொல்லின் பிறப்பை முதலில் பார்ப்போம். யூலும் பர்னெலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்தச் சொல்லுக்கு இரண்டு ஊற்றுகளைக் காட்டுகிறது. ஒன்று, மழைநீரைச் சேமிக்கும் நிலத்தடித் தொட்டியைக் குறிக்கும் குஜராத்திச் சொல். மற்றொன்று, தேக்கிய நீரைக் குறிக்கும் தாங்க்கே என்ற போர்ச்சுகீசியச் சொல். மேற்குக் கடற்கரையில் இரண்டும் கலந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தன. நம் ஊர்ப் பெயர்களில் வரும் தாங்கல் என்ற சொல்லிலிருந்துதான் டேங்க் பிறந்தது என்று காட்டத் தமிழர்க்கு ஆசை எழலாம். ஒலி ஒற்றுமை ஒன்றை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. அந்த ஆசையை ஒதுக்கிவைப்பதே நேர்மை. நமக்கு வேண்டியது வேறு செய்தி. இங்கிலாந்தில் இல்லாத ஒரு பொருளைக் குறிக்க இந்தியாவில் வைத்து ஆங்கிலம் ஈட்டிக்கொண்ட சொல் இது. தொட்டி என்ற பொருள் இங்கிருந்தே உலகம் சுற்றப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டன் புதிய கவச ஊர்தியை மறைவாகக் கட்டியபோது, அது ஏதோ தண்ணீர்த் தொட்டி என்று பிறர் நம்பட்டும் என்பதற்காக டேங்க் என்று பெயரிட்டார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் அது முதன்முறை இறங்கிய பிறகு போர்ப்பொருள் ஊன்றிவிட்டது. ஏரி என்ற பொருள் இந்தியாவிலும் இலங்கையிலும் தங்கியது.

அந்த ஏரிப்பொருள் எவ்வளவு துல்லியமாக இருந்தது என்பதற்கு பிரான்சிஸ் புக்கானனின் பயணநூல் நல்ல சான்று. 1800-இல் சென்னையிலிருந்து புறப்பட்டு, திப்புவின் வீழ்ச்சிக்குப் பிந்திய மைசூர் நாட்டை ஆராய வந்தவர் அவர். டேங்க் என்று ஆங்கிலேயர் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு என்று அவர் பிரித்து எழுதினார். பள்ளத்தாக்கின் குறுக்கே கரை போட்டு மழைநீரை மேற்புறம் தேக்கி, கீழ்ப்புற வயல்களுக்கு மதகு வழியாக விடுவது ஏரி. மண்ணைத் தோண்டி, ஊரார் புழங்குவதற்காக அமைப்பது குளம். இந்தத் தமிழ்ப் பெயர்களையே அவர் பதிந்திருக்கிறார். மேலே நீர்வரத்து, நடுவில் கரை, கீழே பாசனம் என்று ஏரியின் மூன்று பகுதிகளும் அவருடைய விளக்கத்தில் இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். நீர்ப்பரப்பின் அழகைப் பற்றி அந்த விளக்கத்தில் ஒன்றுமில்லை. ஏரி என்ன செய்கிறது என்பதைக் கொண்டே அது இன்னது என்று அவருக்கு விளங்கியது.

நம் மொழிகளும் அப்படித்தான் பார்த்திருக்கின்றன. தமிழில் ஏரி என்றால் முழு அமைப்பு. கன்னடத்தில் ஏரி என்றால் கரை மட்டும். முழு அமைப்புக்குக் கன்னடச் சொல் கெரெ. பழங்கன்னடத்தில் வல்லின றகரத்தோடு ஒலித்த இந்தச் சொல் நம்முடைய சிறை என்ற சொல்லுக்கு உறவு. நம் செவி கன்னடத்தில் கிவி ஆவது போன்ற ஒலி உறவுதான். தடுத்து நிறுத்துவது, அணை என்பது சிறையின் பழம்பொருள். மலையாளத்தில் சிற என்றால் இன்றும் அணைகட்டித் தேக்கிய நீர். ஆக, தென்னாட்டு மொழிகள் மூன்றும் நீரைச் சுட்டும்போதே அதைத் தாங்கி நிறுத்தும் மனித வேலையையும் சேர்த்துச் சுட்டுகின்றன. பெங்களூருவின் அகராவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு ஒன்று, பி. எல். ரைஸ் 1905-இல் வெளியிட்ட பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் இருக்கிறது. ஓர் ஊர்த்தலைவனின் மகன் இரண்டு கெரெகளுக்கு நீரைத் திறந்துவிடும் தூம்பு வைத்ததையும், மூன்றாவதாக ஒன்றைக் கட்டியதையும், அவற்றுக்காகப் பித்துவட்டம் என்னும் நில உரிமை பெற்றதையும் அது சொல்கிறது. ஏரிக்குத் தூம்பு வைப்பது கல்லில் பொறிக்கத் தக்க செயல். அதைப் பேணுவதற்கென்று வருவாய் ஒதுக்குவது அதன் மறுபாதி. நம் பக்கத்து ஏரிப்பட்டி நிலமும், சோழன் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பேசும் ஏரி வாரியமும் இதே எண்ணத்திலிருந்து வந்தவை. மைசூர் நாட்டில் மதகைத் திறந்து வயலுக்கு நீர் பங்கிட்டவர் நீருகண்டி. தென்தமிழகத்தில் நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன். கரை, தூம்பு, மிகைநீர் வழியும் கோடி, கால்வாய், பாசனம் பெறும் வயல்களான ஆயக்கட்டு, இவற்றுக்கெல்லாம் பொறுப்பான ஆள் என்று இத்தனையும் அடங்கியதுதான் ஆங்கில ஆவணங்களில் டேங்க் ஆனது.

பெங்களூருவுக்கு இது உயிர்ப்பொருள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், வற்றாத ஆறு எதுவும் இல்லாத மேட்டில் அமர்ந்த ஊர் இது. மேட்டிலிருந்து நீர் மூன்று பள்ளத்தாக்குகளில் இறங்குகிறது. ஹெப்பால் பள்ளத்தாக்கும் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கும் தென்பெண்ணைக்குப் போகின்றன. விருஷபாவதி அர்க்காவதி வழியாகக் காவிரியில் சேர்கிறது. ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் படிப்படியாகக் கரைகள். மேலேரி நிறைந்து கோடி வழிந்தால் ராஜகாலுவே என்னும் பெருங்கால்வாய் அந்த நீரைக் கீழேரிக்குக் கொண்டுபோகும். 1860களில் மைசூரின் தலைமைப் பொறியாளராக இருந்த சாங்கி, இந்த நாட்டில் புதிய டேங்க் ஒன்றுக்கு இடம் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு என்ற கருத்தில் எழுதினார். அவ்வளவு நிறைவாக முன்னோர் கட்டியிருந்தார்கள். அவர் பெயரால் 1882-இல் உருவான சாங்கி டேங்க் இன்றும் பேச்சுவழக்கில் டேங்க் ஆகவே இருக்கிறது என்பது ஒரு சிறப்பு. நகரைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். அரகெரெயில் கெரெ வெளிப்படையாக நிற்கிறது. பேருந்துப் பலகையில் பொம்மசந்திரா, சிங்கசந்திரா, தனிசந்திரா என்று படித்து நிலவை நினைத்துக்கொள்கிறோம். அந்தச் சந்திரா சமுத்திரம் என்பதன் தேய்வு. பெரிய ஏரியைச் சமுத்திரம் என்று அழைத்த வழக்கம் நம் அம்பாசமுத்திரம் வரைக்கும் நீளுகிறது.

சொல் மாறிய வரலாற்றை அரசின் காகிதங்களிலேயே படிக்கலாம். 1985-இல் லட்சுமண ராவ் தலைமையில் அமைந்த குழு, பெங்களூருப் பெருநகரில் எஞ்சியிருந்த டேங்குகளைக் காப்பது பற்றியே ஆராய்ந்தது. 1988-இல் அரசு அதன் பரிந்துரைகளை ஏற்றபோதும் டேங்க் என்ற சொல்லே இருந்தது. 2002-இல் உருவான அமைப்பின் பெயர் லேக் வளர்ச்சி ஆணையம். 2014-இல் சட்டமும் லேக் என்ற பெயரிலேயே வந்தது. 2018-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, லேக் இருந்த இடத்தில் மறுபடி டேங்க் என்று எழுதினார்கள். முப்பது ஆண்டுகளில் ஒரு முழுச் சுற்று. இடைப்பட்ட காலத்தில் நகரின் கண்ணில் ஏரி என்னவாக மாறியது என்பதை 2002-க்குப் பின் வந்த திட்டங்கள் காட்டும்: சில ஏரிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டார்கள், படகுச் சவாரியும் உணவகமும் வருவாய் தரும் என்று கணக்கிட்டார்கள். 2008-இல் பொதுநல வழக்குத் தொடுக்கப்பட்டு, உயர் நீதிமன்றம் தலையிட வேண்டி வந்தது. கெரெ என்றாலே பொதுச்சொத்து, அதற்கு ஆயக்கட்டும் பங்காளிகளும் உண்டு என்ற எண்ணம் உயிரோடு இருந்திருந்தால் குத்தகைப் பேச்சு அவ்வளவு எளிதாக எழுந்திருக்காது. காட்சிக்குரிய நீர்ப்பரப்பு என்று எண்ணியதால்தான் அதைச் சுற்றுலாப் பொருளாக விலைபேச முடிந்தது.

நல்லெண்ணத்தோடு நடக்கும் சீரமைப்பிலும் இந்தப் பார்வை இறங்கியிருப்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. ஏரிக்குக் கரை ஒரு பக்கம்தான், பள்ளத்தின் தாழ்ந்த பக்கம். எதிர்ப்பக்கம் திறந்த உள்வாய். மழைநீர் பரவலாக உள்ளே வருவதும், நாணலும் கோரையும் வளர்ந்து வரும் நீரை வடிகட்டுவதும், பறவைகள் இரைதேடுவதும் அந்த ஆழமற்ற விளிம்பில்தான். லேக் என்று எண்ணிச் சீரமைக்கும்போது நான்கு பக்கமும் சீரான கரை எழுப்பி, மேலே நடைபாதை போட்டு, கம்பிவேலி கட்டுகிறார்கள். சுற்றுக்கரை உள்வாயை மூடிவிடுகிறது. வர வேண்டிய நீர் வெளியே நிற்கிறது, அல்லது சாக்கடையோடு சேர்ந்து ஒரே குழாய்வழியாக வருகிறது. விளிம்புவரை ஒரே ஆழத்துக்குத் தோண்டிவிட்டால் நாணலுக்கு இடமில்லை. கீழே வயல் இல்லை என்பதால் தூம்பைக் கவனிப்பாரில்லை. தூம்பு இயங்காத ஏரியில் பெருமழைக்கு முன் நீரை இறக்கி வைக்க வழி கிடையாது. நிறைந்து நிற்கும் ஏரி வெள்ளத்தை வாங்காது, அப்படியே கோடிக்கு மேல் தள்ளிவிடும். கோடிக்கு அப்பால் ராஜகாலுவே குறுகியோ, கட்டடத்துக்கு அடியில் மறைந்தோ கிடந்தால் அந்த நீர் எங்கே போகும் என்பதை 2022 செப்டம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய வெளிவட்டச் சாலையும் எமலூரும் பெள்ளந்தூரும் கண்டன. பெருமழை பெய்தது உண்மை. ஆனால் பெருமழையைப் படிப்படியாக வாங்கி இறக்குவதற்கென்றே கட்டிய தொடரில், ஏரிக்கும் ஏரிக்கும் இடையிலான கண்ணிகளை நகரம் தன் கணக்கிலிருந்து விட்டுவிட்டிருந்தது. லேக் என்ற சொல்லில் அந்தக் கண்ணிகளுக்கு இடமே இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. டேங்க் என்று அழைத்த காலத்தில்தானே மிகப் பெரிய இழப்புகள் நேர்ந்தன? தர்மாம்புதி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரிப்படுகையில் கண்டீரவா அரங்கம் எழுந்தது. சூளை ஏரியில் கால்பந்து மைதானம். சல்லகட்டாவில் கோல்ஃப் திடல். கோரமங்களாவில் 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்கான குடியிருப்பு. மெஜஸ்டிக் பக்கம் டேங்க் பண்ட் ரோடு என்றும் வசந்த நகரில் மில்லர் டேங்க் பண்ட் ரோடு என்றும் தெருப்பெயரில் கரை மட்டும் மிஞ்சியது. சென்னையிலும் இதே கதைதான். மாம்பலம், நுங்கம்பாக்கம் பக்கத்து நெடிய ஏரி 1920களில் தியாகராய நகருக்கு இடம்விட்டது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடும் இருக்க, நடுவில் ஏரி இல்லை. அப்படியானால் சொல் யாரைக் காத்தது? நிலத்தின் விலைதான் ஏரியை அழித்தது, சொல் அல்ல என்று வாதிடலாம். பாதி உண்மை. 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வந்தது. பிறகு திப்பகொண்டனஹள்ளி, 1974 முதல் காவிரி. குடிநீர் தொலைவிலிருந்து வர வர, ஊர் ஏரிக்கு வேலை குறைந்தது. கொசு வளரும் இடம் என்ற பெயர்தான் மிஞ்சியது. வேலைக்குப் பெயரான சொல், வேலை போனதும் வெறும் ஓடாயிற்று. அந்த வெறுமையில்தான் ஏரிகளைத் தூர்த்தார்கள். இது என் கருத்தை உடைக்கவில்லை. சொல் தனியே நின்று எதையும் காக்காது. ஒரு சொல் எந்தக் கடமைகளைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வருகிறது என்பதே கேள்வி. அந்த அளவுகோலில் 2018-இன் பெயர்மாற்றமும் போதாது. பலகையில் டேங்க் திரும்பியது. தூம்பும் நீருகண்டியும் திரும்பவில்லை.

இரண்டாவது மறுப்பு நடைமுறையிலிருந்து எழுவது. லேக் என்ற சொல்தான் நகரத்தாரை ஏரிக்கரைக்கு அழைத்துவந்தது. கைகொண்டரஹள்ளியிலும் புட்டேனஹள்ளியிலும் குடியிருப்போர் ஒன்றுகூடி உழைத்தது லேக்கின் மேல் வைத்த அன்பால். டேங்க் என்றால் யார் வந்திருப்பார்? அந்த உழைப்பின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் அன்பு வருவதற்குச் சொல் பளபளக்க வேண்டியதில்லை. மன்னாரில் நாம் கட்டுக்கரைக்குளம் என்று சொல்லும் பேரேரி ஆங்கில வரைபடங்களில் ஜயண்ட்ஸ் டேங்க்தான். இலங்கை ஆங்கிலத்தில் டேங்க் என்ற சொல் இன்றும் மதிப்போடு வாழ்கிறது. காரணம், அங்கே கீழே வயல் இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு சட்டத்திலிருந்து வருவது; எனக்கு மிகவும் கனமாகப் படுவதும் இதுதான். 2017-இன் நடுவண் அரசு ஈரநில விதிகள் ஈரநிலம் என்பதை வரையறுக்கும்போது, குடிநீருக்கென்றே மனிதர் கட்டிய டேங்குகளையும் பாசனத்துக்கென்றே கட்டிய அமைப்புகளையும் விலக்கிவைக்கின்றன. அந்த விதியில் டேங்க் என்ற சொல்லே இருக்கிறது. அப்படியானால் நம் ஏரிகளை டேங்க் என்று உரக்கச் சொல்வது அவற்றுக்குக் கிடைக்கக்கூடிய காப்பை நாமே கழற்றிக் கொடுப்பதாகாதா? லேக் என்று சொல்வதல்லவா புத்திசாலித்தனம்? குறிப்பிட்ட ஒரு வழக்கில் வழக்கறிஞர் அப்படி வாதிட்டால் நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் நோய் விதியின் வரையறையில் இருக்கிறது. இயற்கை ஒருபுறம், மனிதர் கட்டியது மறுபுறம் என்று பிரித்தால், தென்னாட்டில் எந்த நீர்நிலையும் ஒழுங்காக ஒரு பக்கத்தில் அடங்காது. வேடந்தாங்கல் மதகும் கலங்கலும் உள்ள பாசன ஏரி. ஊர்ப்பெயரிலேயே தாங்கல் இருக்கிறது. 2022-இல் அதுவே ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. கட்டியது என்பதாலேயே பறவை வராமல் இருந்ததில்லை. பறவை வருகிறது என்பதாலேயே வயலுக்கு நீர் போகாமல் நின்றதும் இல்லை. டேங்க் என்பதன் முழுப்பொருளை விதி எழுதியோர் அறிந்திருந்தால் இந்த விலக்கை இப்படி எழுதியிருக்க முடியாது. திருத்த வேண்டியது விதியை.

கடைசியாக, நகரத்துக்குள் வயல் ஏது, ஆயக்கட்டு ஏது, செத்த பொருளுக்கு ஏன் உயிர் கேட்கிறீர்கள் என்பார்கள். ஆயக்கட்டு சாகவில்லை, இடம்பெயர்ந்திருக்கிறது. கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து, 2018 முதல் கோலார் மாவட்டத்துக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளை நிரப்புவது திட்டம். சட்டத்தில் பெயரை மாற்றிய பிறகும் நகரத்தில் லேக் என்றே எழுதும் அரசு, கோலாரில் நிரப்புவதை டேங்க் என்றே எழுதுகிறது. பயன்படும் இடத்தில் பழைய சொல் தானாகவே வந்துவிடுகிறது. இன்னொரு ஆயக்கட்டு நமக்கு நெருக்கமானது. பெள்ளந்தூர் நிறைந்தால் வர்த்தூர், வர்த்தூர் வழிந்தால் தென்பெண்ணை, தென்பெண்ணை எல்லை தாண்டினால் ஓசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடலூர்க் கடல். பெள்ளந்தூரில் 2015, 2017, 2018 ஆண்டுகளில் தீப்பற்றியபோது அது பெங்களூருவின் செய்தியாக மட்டும் பேசப்பட்டது. அதே நீர் கெலவரப்பள்ளியின் மதகில் வெண்நுரையாக எழும்போது தமிழ்நாட்டுச் செய்தியாகிறது. இரண்டும் ஒரே ஏரித்தொடரின் மேற்படியும் கீழ்ப்படியும். அந்த நுரைபடிந்த நீரைத்தான் ஓசூர்ப் பக்கத்து உழவர்கள் வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். ஆகவே பெயர்ப்பலகையை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. நகரின் ஏரிப் பதிவேட்டில் இன்று பரப்பளவும் ஆக்கிரமிப்பும் எழுதும் இடத்துக்குப் பக்கத்தில், தூம்பு எத்தனை, அவை இயங்குகின்றனவா, திறந்து மூடும் பொறுப்பு யாருடையது, கோடி எந்த மட்டத்தில் இருக்கிறது, வழியும் நீர் அடுத்து எந்த ஏரிக்குப் போகிறது என்று ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டும். கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் பக்கத்தை அப்படி எழுதிக்கொண்டே போனால், வர்த்தூருக்குக் கீழே கெலவரப்பள்ளி என்ற பெயரையும் கர்நாடக அரசின் அலுவலர் தன் கையால் எழுத வேண்டிவரும்.